அம்மா மணிக்கட்டில் ஐந்து விளக்குகள்

அம்மா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கிறாள். மாலை ஐந்து மணிக்கு வேன் சாத்தூரில் எங்கள் தெருமுனையில் இறக்கிவிடும். அன்று வாசல் வரை வந்தவள் உள்ளே வரவில்லை.

"என்னது உள்ள புகையுது?"

"சால்டரிங் அயர்ன்ம்மா. காலேஜ் புராஜெக்ட்."

"எஞ் சேலையில எம்புட்டு மருந்து ஒட்டியிருக்குன்னு தெரியுமா பிள்ள? மொதல்ல அந்தச் சூட்டுக்கோல அணை. ஆறுன பெறகுதான் வருவேன்."

சேலையெங்கும் அலுமினியப் பொடி மின்ன, இருபது நிமிடம் தெருவிலேயே நின்றாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் இன்ஜினியரிங் வரை வந்தவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

குளித்துவிட்டு வந்து சொன்னாள்: "வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். நீ செய்யிற சாமான் சுடாதுன்னு எங் கையில காட்டு. இல்லன்னா எல்லாத்தையும் காலேஜுக்கே தூக்கிட்டுப் போயிரு."

கல்லூரியில் நாலு மணிக்கே ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். வீட்டை விட்டால் எனக்கு வேறு இடமில்லை.

நான் செய்துகொண்டிருந்தது வளைகிற சர்க்யூட் போர்டு, மணிக்கட்டில் சுற்றினால் ஐந்து குட்டி எல்.இ.டி. விளக்குகள் எரியும் பட்டை. செம்பு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மார்க்கரால் கோடு வரைந்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்ட வேண்டும். மை படாத செம்பெல்லாம் கரைந்து போகும். பழைய ஊறுகாய் டப்பாவுக்குள் நான் வரைந்த கோடுகள் மட்டும் மிஞ்சி வருவதை ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கித்தான் பார்ப்பேன்.

முதல் பட்டையைக் கையில் சுற்றியதுமே விளக்குகள் அணைந்தன. கோடு செங்குத்தாகத் திரும்பும் மூலையில் முடியளவு விரிசல். இரண்டாவதும் அங்கேயே உடைந்தது. மூன்றாவதில் மூலையே வைக்கவில்லை, சிக்குக்கோலம் போல எல்லாத் திருப்பத்தையும் வளைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மா குளித்து, வேறு சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள். பட்டையை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. அதன் ஓரத்தில் அகலமாக விட்டிருந்த செம்பில் விரல்களை ஒரு கணம் வைத்து எடுத்தாள். கம்பெனியில் அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். இருபது வருடப் பழக்கம்.

மணிக்கட்டில் சுற்றி, பட்டன் பேட்டரியைச் செருகினேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தம் எதுவும் வராததால் மெல்லத் திரும்பினாள். கடுகைவிடச் சற்றே பெரிய ஐந்து சிவப்பு விளக்குகள். கையை மடக்கினாள், நீட்டினாள். ஒன்றுகூட அணையவில்லை. அவற்றின் மேல் மறு கையின் உள்ளங்கையைக் குவித்துச் சூட்டுக்காகக் காத்திருந்தாள். பிறகு மணிக்கட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னத்தில் சிவப்பு வெளிச்சம் படர்ந்தது.

"சுடவே இல்லையே..."

நாள் முழுக்க வெளிச்சத்துக்கான மருந்தைக் கையாள்கிறவள், வெளிச்சத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டதே இல்லை. நான் செய்த ஒன்றை நானே அவள் முகத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எம்புட்டு நேரம் எரியும்?"

"பேட்டரி தீர்ற மட்டும்."

"எங்க புஸ்வாணம் அர நிமிசத்துல முடிஞ்சிருமே!"

சோறு வடிக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. இனி வீட்டிலேயே செய்யலாமா என்று நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததற்குத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்:

"நாளைக்கு நாலரைக்கெல்லாம் அந்தச் சூட்டுக்கோல அணைச்சிரு. தெருவுல நிக்க முடியல."