மெதுவாக ஏறும் சீனி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு வாரமாகச் சட்டைப்பையில் சீனிப் பொட்டலத்தோடு அலைகிறேன். ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சீனியாம்.

இன்று திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் சீனி போடாத டீ வாங்கி, பொட்டலத்தைப் பிரித்தேன்.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, திருநீறா?"

"இல்லப்பா, இது மெதுவா ஏறுற சீனி. அதான் ஒரு ஸ்பூனுக்கு மூணு ஸ்பூனாப் போடுறேன்."

"எங்கூரு பஸ்ஸும் மெதுவாத்தாண்ணே வருது. வந்து சேராமலா போகுது?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

நாளைக் காலையில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை இறங்கவில்லை என்றால் இனி தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இதே சீனியைப் போடுகிறவர்கள் யாராவது தைரியம் சொல்லுங்களேன்.

டீயோடு தின்ற இரண்டு தேங்காய் பன்னை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.