கஷாயத்துக்குக் கேட்ட வலி

மாதவிலக்கு வலி எனக்குப் புதிதில்லை. ஆனால் அது வேறு வலியாக மாறியதை ஒருநாள் வேலையில் உணர்ந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துச் சீராக்குவது என் வேலை. அடிவயிறு இழுத்துப் பிடித்ததில் கையிலிருந்த ஈரப் பொம்மை நசுங்கிவிட்டது. அது மாதவிலக்கு நாளும் இல்லை.

அன்று மாமியார் சோம்பு, சதகுப்பை, சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் இழுப்பு தளர்ந்தது. அதுவே எனக்கு வினையாகிப் போனது. அதன்பிறகு ஸ்கேன் என்று நான் வாயெடுத்தாலே கணவர் ஒன்றைத்தான் சொல்வார்.

"கஷாயம் குடிச்சா நிக்கிதுல்ல. அப்புறம் எதுக்கு ஸ்கேனு?"

தனியார் கிளினிக்கில் ஒரு டாக்டர் என்னைப் பரிசோதிக்கக்கூட இல்லை. இன்னொரு குழந்தை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். இரண்டாவது குழந்தை தங்காமல்தான் நான் தவித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அசோகப்பட்டைப் பொடி தின்றேன். மலைவேம்புச் சாறு குடித்து வாந்தியெடுத்தேன். கஷாயத்தை மூன்று வேளையாக்கினேன். ரத்தப்போக்கு கூடிக்கொண்டே போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வலி குறைந்த வேளைகளில், நானே பெரிதுபடுத்துகிறேனோ என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் இன்னும் வீரியமான மருந்து கேட்டு அரசு சித்த மருத்துவரிடம் போனேன். கணவரும் வந்திருந்தார். அந்த அம்மா என் கீழ் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, நான் குடித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேசினார்.

"இந்த மருந்துச் சரக்குல இருக்குற சத்து தசையோட இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான். இழுப்பு ஏன் வருதுன்னு அதுக்குத் தெரியாதுங்க. மொதல்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

ஸ்கேனில் அடினோமயோசிஸ் (கருப்பையின் உள்வரித் திசு அதன் தசைச் சுவருக்குள்ளேயே வளர்வது) என்று வந்தது. ரத்தசோகையும் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கணவர் கேட்டார்.

"இவ்வளவு வலின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்," என்றேன். அதற்குமேல் பேசினால் பஸ்ஸிலேயே கத்திவிடுவேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகப்பேறு மருத்துவர் கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் (ரத்தப்போக்கையும் வலியையும் குறைக்கும் சிறு கருவி) பொருத்தினார். அது இருக்கும்வரை குழந்தை தங்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நான் அழுதேன், ஆனாலும் வைக்கச் சொன்னேன். முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. பிறகுதான் அடங்கியது. வலி பாதிக்கு வந்திருக்கிறது, போய்விடவில்லை.

கஷாயம் இப்போதும் குடிக்கிறேன், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. இதே வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுண்டு: கஷாயத்துக்குக் கேட்கிறது என்பதற்காக, உங்கள் வலி சின்னது என்று யாரும் முடிவுகட்ட விடாதீர்கள்.

போன வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து நாத்தனார் ஒரு கல்யாணத்துக்கு அழைத்தார். எந்தத் தேதி என்றுகூடக் கேட்காமல் வருகிறேன் என்றேன். போனை வைத்ததும் காலண்டரை எடுத்து, அடுத்த மாதவிலக்கு எப்போது என்று பழையபடி நாள்களை எண்ணத் தொடங்கினேன். உடம்பு இன்னும் என் வாக்கை நம்பவில்லை.