செத்தவனுக்கெல்லாம் சொந்தபந்தம்

போன வாரம் டிவியில் ஒரு பழைய கௌபாய் படம். பார்த்துக்கொண்டிருந்த மகன், "என்னப்பா படம் இது? ஒருத்தனுக்கும் பேரில்ல, ஊரில்ல. வாரான், சுடுறான், சாகுறான்" என்று சலித்துக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும்! அதில் சாகிற ஒவ்வொருவனுக்கும் சொந்தபந்தம் உண்டு. நானும் அவன் அம்மாவும் சேர்ந்து உண்டாக்கியது.

அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. நான் அருப்புக்கோட்டையில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தேன். முத்துமாரி பக்கத்துப் பரளச்சி கிராமத்துப் பெண். வந்த நாளிலிருந்து "சாப்பிடுறீகளா", "தண்ணி வச்சிருக்கேன்" தவிர வேறு பேச்சில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே அரிப்பு. சினிமாவுக்குக் கூட்டிப்போனால் பேசுவாள் என்று நம்பினேன். நினைத்துப்போன குடும்பப் படத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. அவளோ கனகாம்பரமெல்லாம் வைத்துக் கிளம்பி வந்திருக்கிறாள், எப்படித் திரும்புவது? அடுத்த தியேட்டரில் இந்தப் படம்தான் கிடைத்தது.

உள்ளே வறுகடலை வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குக் குதிரைகள்தான் ஞாபகம் வரும். திரையில் எங்கள் திருச்சுழி ரோடு மாதிரியே பொட்டலும் புழுதியும். தொப்பிக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளினார்கள். பயந்து கண்ணை மூடியிருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, அவுகளை எதுக்குச் சுடுறாக?" என்றாள்.

சாப்பாட்டுப் பேச்சைத் தவிர அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல மனசு வருமா? "பங்காளித் தகராறு. வரப்புப் பிரச்சினை" என்றேன்.

"அந்தத் தாடிக்காரரு?"

"தாய்மாமன்."

"தாய்மாமன் செத்துக் கெடக்காரு, இவரு பாட்டுக்குக் குதிரை ஏறிப் போறாரு? ஒரு கோடித்துணி போட வேணாமா?"

தறிச்சத்தத்திலேயே கிடப்பவனுக்கு மெதுவாகப் பேச வராது. தியேட்டர் முழுக்க என் குரல் கேட்டிருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். மானம் போச்சு என்று குறுகினேன். அவரோ, "அண்ணே, அந்த ஒத்தக்கண்ணு ஆளு யாருண்ணே?" என்றார்.

நான் முழிக்க, முத்துமாரி முந்திக்கொண்டாள். "சம்பந்தி ஆக வேண்டியவருண்ணே. பொண்ணு கேட்டு வந்தாக, இவுக தரல."

தியேட்டரே சிரித்தது. அப்புறம் கதை அவள் கைக்குப் போய்விட்டது. யாராவது சுருண்டு விழுந்தால் இருட்டில் எங்கிருந்தோ "தங்கச்சி, இது யாரு?" என்று குரல் வரும். அவள் சளைக்காமல் முறை சொல்வாள். கடைசியில் இருவர் எதிரெதிரே துப்பாக்கியோடு நின்றபோது அவளே கலங்கிவிட்டாள். "ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிக, பேசித் தீத்துக்கலாம்ல!"

வீட்டுக்கு நடக்கையில் சொன்னாள்: "நீங்க ரொம்பப் பேச மாட்டீக, பேசினாலும் புடிக்காதுன்னு எங்க மாமா சொல்லிவிட்டாக. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." நடுரோட்டில் நின்று சிரித்தேன். அன்று ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை.

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. படம் பார்க்க மதுரைக்குப் போகிறோம். மெத்தை நாற்காலி, ஏசி, எல்லாம் சௌகரியம்தான். போன தடவை முத்துமாரி ஏதோ கேட்கச் சாய்ந்தாள். முன்னாலிருந்த பையன் திரும்பி "உஷ்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இருட்டில் முகம் தெரியாத ஒருவர் "தங்கச்சி" என்று கூப்பிட்டுக் கதை கேட்பது இனி எந்தத் தியேட்டரிலும் நடக்காது.