மடையை அடைக்கும் மருந்து

என் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தின் பெயர் ஆஸ்பராஜினேஸ். அதை வாய் குழறாமல் சொல்லவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"பாக்டீரியாவுலேருந்து எடுக்கிற என்சைம்மா இது. ரத்தத்துல ஆஸ்பராஜின்னு ஒரு அமினோ அமிலம் ஓடுது. நல்ல அணு அதைத் தானே செஞ்சுக்கும். இந்தக் கெட்ட அணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது, ரத்தத்துலேருந்துதான் எடுத்தாகணும். என்சைம் போய் அதைச் சிதைச்சிடும்."

"களைக்கு மட்டும் மடையை அடைக்கிற மாதிரிங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அதேதாம்மா."

நடவு நட்டே வளர்ந்தவள் நான். அது புரிந்ததும் எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் எல்லோருக்கும் மடைக் கணக்கு சொன்னேன்.

மருந்து கும்பகோணத்துக் கடையில்தான் கிடைத்தது. துண்டில் சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொடுத்தார்கள். குளிர்ச்சி போவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தாராசுரம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. குறுவைக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லி மறியல். நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள். மகள் படுக்காமல் இருந்திருந்தால் நானும் அங்கேதான் இருந்திருப்பேன்.

முந்தின வருடம் இதே ரோட்டில் நாங்கள் மறியல் செய்தபோது ஒரு பெரியவர் மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டி மருந்து என்றார். "எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க" என்று திருப்பி அனுப்பியவள் நான். பையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தருக்கு வழி விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான்.

இறங்கி ஓடினேன். யாரும் கேட்பதற்கு முன்பே பிளாஸ்க்கைத் திறந்து நீட்டினேன். "பாருங்க, மருந்துதான். பொய் இல்ல."

முன்வரிசையில், என் இடத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்க்காமலே என் கையிலிருந்த மூடியை வாங்கித் திருகினாள்.

"எதுக்குக்கா தொறக்குறே? குளிர்ச்சி போயிடப் போவுது."

வரிசை விலகியது. மறியலுக்கு வந்த ஒருவரின் பைக்கிலேயே என்னை ஏற்றிவிட்டார்கள். பின்னால் தண்ணீரைத் திறக்கச் சொல்லிக் கோஷம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானோ, மடையை அடைக்கிற மருந்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பறந்தேன். மத்தியானத்துக்குள் ஊசி போட்டாயிற்று.

மகள் பிழைத்துக்கொண்டாள். அந்த மஞ்சள் பையில் என்ன இருந்தது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.