ஈரம் தங்கும் துணி

“துணியப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? ஜவுளிக்கடைக்காரரு இன்னா, படிச்சிட்டா கடை வச்சாரு?”

சித்தப்பா அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு மார்கழியில் நடந்தது மறந்திருக்காது.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கும் முன் ஒரு பிடி பருப்பை ஈரத்துணியில் முடிந்து வைப்போம். அது முளைத்தால்தான் மூட்டையை வயலுக்குத் தூக்குவோம். அந்த மார்கழியில் முடிச்சைப் பிரித்தால் ஒரு பருப்புகூட முளைவிடவில்லை.

“வெத செத்துப்போச்சு. எண்ணெய்க்குப் போட வேண்டியதுதான்,” என்றார் அப்பா. நல்ல காய்களாகப் பார்த்து அவரே பொறுக்கி வைத்திருந்த விதை அது.

துணியைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவின் பழைய பாலியஸ்டர் புடவைக் கிழிசல். துளி ஈரமில்லை.

“இன்னாம்மா, தண்ணியே தெளிக்கலையா?”

“காலையில தெளிச்சேன்டி. அது நல்ல புடவை, ஜல்தியா காஞ்சிடும்...” சொன்னவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் நூல் புடவை இல்லாமல் போன முதல் வருஷம் அது.

“இன்னொரு தடவை பாக்கலாம்ப்பா,” என்று கெஞ்சி, அவருடைய நூல் வேட்டியைக் கிழித்து வேறொரு பிடி முடிந்தேன். இரண்டு துணியிலும் ஒவ்வோர் இழையை உருவிப் பள்ளிக்கு எடுத்துப்போனேன்.

நுண்ணோக்கியில் பாலியஸ்டர், கண்ணாடிக் குச்சி போல வழவழவென்று கிடந்தது. பருத்தியோ முறுக்கிவிட்ட நாடா. நடுவில் நீளமாக ஒரு பள்ளம். பஞ்சு என்பது விதையின் மேல் வளர்ந்த முடி அல்லவா? பறித்து, நூற்று, நெய்து, அப்பா இடுப்பில் கட்டி இத்தனை காலம் வெளுத்த பிறகும் அது தண்ணீர் குடிக்க மறக்கவில்லை. என் பாவாடை, தாவணி, தலையணை உறை எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஓர் உலகமா!

வேட்டி முடிச்சைப் பிரித்த அன்று பருப்புகள் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

சித்தப்பா போனதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: “அந்தக் காலேஜுக்குத் திண்டிவனத்துல எந்த பஸ்ஸு ஏறணும்?”

சேர்ந்துவிட்டேன். நேற்று கல்லூரித் தறியில் என் கையாலேயே நெடுக்கு இழைகளை இழுத்துக் கட்டி முதல் பாவு ஏற்றினேன். பருத்தி நூல்.