பித்தளைத் திருகாணி

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு பழைய பிளசர் கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரை ஆரப்பாளையத்து வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, அதை அவரே பிரித்து மாட்டுவார். எழுமலையில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. எனக்கோ பிள்ளை இல்லை.

ஒருநாள் அவர் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தபோது எழுமலையிலிருந்து ஆள் வந்தது.

"அண்ணே, அவுகளுக்கு வலி கண்டிருச்சு. வெரசா காரோட வரச் சொன்னாக."

அவர் கை கழுவப் போனார். குழாயை முடுக்கும் பித்தளைத் திருகாணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். இன்று ஒருநாள் இவர் வீட்டில் இருக்கட்டும், அவ்வளவுதான் என் நினைப்பு.

"இங்கன ஒரு திருகாணி கெடந்துச்சே, பாத்தியா?"

"நான் என்னத்தைக் கண்டேன்."

உச்சி வெயிலில் முற்றத்து மண்ணைச் சல்லடையில் சலித்துத் தேடினார். கடைசியில் பஸ் பிடித்துப் போனார். மூன்றாம் நாள், துண்டில் சுற்றிய பெண் குழந்தையோடு திரும்பினார்.

"நேரத்தோட மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பா. அந்தத் திருகாணிய எங்கிட்டு வச்சேன்னே தெரியலையே."

தன்னையே நொந்துகொண்டு குழந்தையை என் மடியில் வைத்தார்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. என்னைத்தான் அம்மா என்கிறாள். நேற்று தோடு எடுக்க என் நகைப்பெட்டியைக் கவிழ்த்தாள். ஒளித்து வைத்திருந்த திருகாணி உருண்டு வந்தது.

"இது எந்தத் தோட்டோட திருகாணிம்மா? எனக்கா?"

"உன்னோடதுதான்" என்றேன்.

அவளைப் பெற்றவளின் சாவைப் பற்றி அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.