தானாகவே நிற்கிற கார்

கார் வாங்கிய நாளிலிருந்து, விற்றவனைவிட என் கணவர்தான் அதை அதிகம் புகழ்ந்துகொண்டிருந்தார். முன்னால் யாரும் வந்தால் அதுவே பிரேக் போடுமாம், தெருக்கோட்டைத் தாண்டினால் அதுவே ஸ்டியரிங்கைத் திருப்புமாம். விம்பிள்டன் கோயிலில் பூசை செய்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் நசித்து, ஐயர் முன்பக்கத்தில் அப்பிய சந்தனம் குங்குமத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்தப் பொட்டைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த கிழமை ஸ்நோ கொட்டியது. பிள்ளைகளை வழக்கத்தைவிட நேரத்துக்கே கூட்டிப்போகச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. எங்கள் மகளுக்கு ஏழு வயது. நடந்தே போவோம் என்றேன். புதுக் கார் வைத்திருக்கிற மனிதர் நடப்பாரா?

காரைக் கிளப்பியதும், முன்பக்க சென்சரை ஏதோ மறைக்கிறது என்று திரையில் எழுத்து வந்தது.

"சந்தனம்தான்," என்று இறங்கிப்போய், சந்தனத்தையும் ஸ்நோவையும் சேர்த்துத் துடைத்துவிட்டு வந்தார். எழுத்து மறைந்தது. "இனிக் கார் பாத்துக்கொள்ளும்."

பள்ளிக்கூடத் தெரு நல்ல இறக்கம். ஸ்நோ உருக உப்பும் போட்டிருக்கவில்லை. கீழே வாசலில் பிள்ளைகளும் தாய்மாரும் தெருவரைக்கும் நிறைந்து நின்றார்கள்.

"மெல்லப் போங்கோ."

"நீர் சும்மா இரும். இது தானாவே நிக்கும்."

நிற்கத்தான் பார்த்தது, பாவம். பீப் பீப் என்று கத்தியது. திரை சிவந்தது. அவர் மிதிக்குமுன்பே பிரேக்கும் பிடித்தது. ஆனாலும் கார் வழுக்கிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கைத் திருப்பினார், கார் திரும்பவில்லை. எவ்வளவு பிரேக் பிடித்தும் என்ன, டயருக்குப் பிடி கிடைக்க வேண்டுமே.

மற்றத் தாய்மார் பிள்ளைகளைப் பின்னால் இழுத்தார்கள். எங்கள் மகள் மட்டும் எங்கள் காரை அடையாளம் கண்டு, கையசைத்துக்கொண்டு எதிரே ஓடிவந்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள்.

இடது சில்லு நடைபாதை விளிம்பில் மோதித்தான் கார் நின்றது. மகள் கையை நீட்டி பொனட்டைத் தொட்டாள். அவ்வளவு கிட்ட.

"நிக்கும் எண்டுதான் நினைச்சன்," என்றார் இவர். கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. திட்டத்தான் வாய் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை.

கதவைத் திறந்துபோட்டபடி இறங்கி, மகளை நடைபாதைக்குத் தூக்கினேன்.

"இனிமேல் கார் நிண்ட பிறகுதான் கிட்ட வரவேணும். அதுவரைக்கும் பின்னுக்கு நிக்கவேணும், விளங்குதே?"

"எங்கட கார் எண்டாலுமா?"

"ஓம்."

"உள்ளுக்கு அப்பா இருந்தாலுமா?"

அவள் தலையிலிருந்த ஸ்நோவைத் தட்டிவிட்டேன். திறந்திருந்த கதவு வழியாக அவர்தான் சொன்னார்.

"அப்பா இருந்தாலும்தான், குஞ்சு."